கத்தரிக்கோல் பட்ட காப்பு

கிட்டத்தட்ட ஒரு வருஷம் நான் என் மனைவி பார்வதி பக்கத்தில் படுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான்.

அம்மனை நம்பும் சொந்தங்களே, ஆண்கள் நாம் இடுப்பு வலியை ஊரெல்லாம் சொல்லித் திரிவோம். அதோடு ஒட்டி வரும் இன்னொரு கஷ்டத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். எனக்கு இரண்டும் வந்தன. பார்வதியிடம் இதைப் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் உங்களிடம் சொல்கிறேன்.

மலேசியாவில் போர்டிக்சன் பக்கம் ஓர் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரையும் போல நானும் காப்புக் கட்டினேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை கறி இல்லை, பீர் இல்லை, தரையில் தனிப் பாய். திருவிழா முடிந்து பூசாரி பேர் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்து அவிழ்த்தால்தான் விரதம் முடியும்.

அதற்குள் லோரியிலிருந்து வழுக்கி விழுந்தேன். இடுப்பில் பலமான அடி, எலும்பில் விரிசல். சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கை வீங்கியிருந்தது. மருந்து ஏற்ற இடம் வேண்டுமென்று நர்ஸ் என் காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, பத்திரமாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். நல்ல பெண், அவளுக்கு என்ன தெரியும். எனக்கோ உயிரே போய்விட்டது. நான் படுத்துக் கிடந்தபோதே திருவிழா முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மண்டையில் ஒரே நினைப்பு. காப்பு முறைப்படி அவிழவில்லை, அதனால் விரதமும் முடியவில்லை. பார்வதியைத் தொட்டால் ஆத்தா சும்மா விடமாட்டாள். பூசாரியிடம் கேட்கலாம்தான். சாமி குற்றம் வந்தது இவனால் என்று எஸ்டேட்டே பேசுமே என்று கோயில் படி ஏறாமல் வெளியில் நின்றே கும்பிட்டேன். வெட்டிய கயிறு என் தலையணைக்குக் கீழே இருந்தது. வலி குறையவே இல்லை.

ஒரு நாள் ஆசையாக அவள் பக்கத்தில் போனேன். அப்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. உடம்பும் கைவிட்டுவிட்டது. அவள் முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. இடுப்பு நரம்பு போனால் ஆண்மையும் போச்சு என்று போன் வீடியோவில் ஒருவர் கத்தினார். அதையும் நம்பினேன். எதை நம்பக்கூடாதோ அதையெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

கிளினிக்கில் ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயது. ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார். இடுப்பு எக்ஸ்ரே படத்தை மறுபடியும் பார்த்தார். எல்லாம் நல்லபடி இருந்தது.

"அண்ணே, எலும்பு ஆறிருச்சு, பயம்தான் ஆறலை. வலிக்கும் வலிக்கும்னு நினைச்சா உடம்பு இறுகிக்கும், வலி கூடும். அந்த விஷயமும் அப்படித்தான். நீங்க எதுக்கு பயப்படுறீங்க?"

நான் காப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதையும் செய்யவில்லை.

பார்வதி சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கிறாள். முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என்னைக் கிண்டல் செய்துகொண்டு வருவாள். அது நின்று போனது. அம்பாங்கானில் இருக்கும் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் போய் நின்றேன். "தாயே, வலி இருந்துட்டுப் போவட்டும். பார்வதிய மட்டும் என்கிட்ட இருந்து பிரிச்சிடாத" என்று மனம்விட்டுக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"ஒன்னு மட்டும் சொல்லுங்க. என்னைப் பிடிக்கலையா?"

அவ்வளவு நாளில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. தலையணைக்குக் கீழே இருந்த கயிற்றை எடுத்து அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"காப்பு அவுக்கிற அன்னைக்கு உங்களுக்குப் பதிலா நான்தானே போய் நின்னேன். பூசாரி உங்க பேரைச் சொல்லி என் தலையில மஞ்சத்தண்ணி ஊத்துனாரு. ஈரப் புடவையோட ஆஸ்பத்திரிக்கு வந்து உங்க காதுல சொன்னேன்லா. நீங்க மருந்து மயக்கத்துல உம்முன்னு தலையாட்டுனீங்க."

ஆத்தா என்னை அன்றைக்கே விட்டுவிட்டாள். பிடித்துவைத்திருந்தது என் நினைப்புதான். நான் வாசலில் நின்று கேட்டதற்கு முன்பே, என் பெண்டாட்டி நனைந்து நின்று எனக்கு விடுதலை வாங்கி வைத்திருக்கிறாள். அவள் திட்டினாள், சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். அம்பாங்கான் பை மறுபடி அலமாரிக்குள் போனது. அன்று மாலை இரண்டு பேரும் கோயில் படி ஏறினோம்.

அன்று கட்டிலில் படுத்தேன். இடுப்பு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அது வெறும் வலி, தண்டனை இல்லை. அதற்கே பாதி குறைந்தது. பிறகு டாக்டர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். செய்யாவிட்டால் பார்வதி சோறு போட மாட்டாள். மற்றதும் அவசரமில்லாமல், சிரிப்போடு திரும்ப வந்தது. அதற்கு மேல் எழுதினால் அவள் என் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். மழை பிடித்தால் இன்னும் லேசாக வலிக்கிறது. எழுந்து நடக்கிறேன், போய்விடுகிறது.

அண்ணன் தம்பிகளே, உங்களில் யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தால் டாக்டரிடம் போங்கள், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆத்தாவிடம் கேளுங்கள், அவள் கொடுப்பாள். வீட்டில் இருப்பவளிடமும் வாயைத் திறந்து பேசுங்கள். நீங்கள் கேட்டது அவள் கையில் ஏற்கெனவே இருக்கலாம்.

இந்த வருஷமும் காப்புக் கட்டினேன். அவிழ்க்கும் நாளில் பார்வதி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் என் காதில் கேட்டாள்.

"இப்ப நல்லா முழிச்சிட்டுத்தானே இருக்கீங்க?"