கோபால் மச்சான் போட்ட கோடு

எம்பொண்ணு ஸ்நேகாவுக்குக் கொயந்த பொறந்து இருவத்திரெண்டு நாளு ஆவுது. பொட்டக்கொயந்த. மூக்கு அப்டியே என்னுது, யாரு இல்லன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா இப்ப சொல்லப்போறது அவளப் பத்தி இல்ல, என் சம்சாரத்தோட அண்ணன் கோபாலப் பத்தி.

மச்சான் கும்மிடிப்பூண்டி கம்பி கம்பெனியில முப்பது வருசம் கிரேன் ஓட்டுனவரு. எதையும் டேப்பு வச்சி அளக்காம பேச மாட்டாரு. ஆரணி ஆத்தங்கரை பக்கம் ஊடு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி ஜன்னலு வரைக்கும் ஏறிச்சி. வடிஞ்சதும் செவுத்துல நின்ன கறை மேலயே செவப்பு பெயிண்டுல ஒரு கோடு போட்டாரு. அன்னிலேர்ந்து தெருவுக்கே அவர்தான் வெள்ள ஆபீசரு. மழ வந்தா போதும், "அண்ணே, கோட்டுக்கு இன்னும் எவ்ளோ கீது?"ன்னு போன் வரும்.

முன்னல்லாம் மழ கொஞ்சம் கொஞ்சமா பேயும். இப்ப ஒரு மாசத்து மழ ஒரே நாள்ல கொட்டிட்டுப் போவுது. அந்த பேஜாருக்குத்தான் மச்சான் ஜாக்கி வச்சி ஊட்டையே மூணடி ஒசத்துனாரு. கவரப்பேட்டையில என் ஊடு பள்ளத்துல கீது. அதனால இந்த மழைக்குக் கொயந்தையத் தூக்கிக்கினு மச்சான் ஊட்டுக்குப் போய்ட்டோம்.

மறுநாள் காலைல ஆட்டோல மைக்கு வச்சி சொல்லிக்கினு போனாங்க: "ஏரி தொறந்தாச்சி, பதினஞ்சுல வந்த மாதிரியே தண்ணி வரும், எல்லாரும் மேட்டு ஸ்கூலுக்குப் போயிடுங்க." ரோட்டுல அப்பவே முட்டித் தண்ணி. தெருவே மச்சானப் பாத்துச்சி. அவரு படியில நின்னு அளந்தாரு.

"கோட்டுக்கு ஆறடி கீது. போய் நாஷ்டா துன்னுங்க."

எல்லாரும் உள்ள போய்ட்டாங்க. நானுந்தான்.

அவரு சம்சாரம் செண்பகம் துணி புழிஞ்சிக்கினே கேட்டுச்சி: "யோவ், ஊட்டத் தூக்குனியே, கோடு எங்க போச்சி?"

"செவுத்துலதான் கீது."

"செவுரு எங்க போச்சி?"

மச்சான் கோட்டப் பாத்தாரு. தண்ணியப் பாத்தாரு. "மூணடிதான் கீது"ன்னாரு மெதுவா.

"அளந்தியா?"ன்னுச்சி செண்பகம்.

இன்னும் ஒரு அடி ஏறுனா ரோடு அடைஞ்சிடும், கொயந்தைய வச்சிக்கினு எங்கியும் போவ முடியாது. பக்கத்துத் தெரு பென்னி டிராக்டரு எடுத்தாந்தான். மொத ட்ரிப்புல நாங்க ஏறுனோம். மச்சான் ஏறல. தண்ணியில எறங்கி, பதினோரு ஊட்டுக் கதவையும் தட்டுனாரு. "நான் சொன்னது தப்பு, கெளம்புங்க."

எதுத்தூட்டு பச்சையப்பன் விடலியாம். "இப்பதான ஆறடின்ன?"

"கோடும் ஊட்டோட ஏறிடிச்சிப்பா."

"ஊட்டுக்கு வச்ச ஜாக்கிய புத்திக்கும் ஒண்ணு வச்சிருக்கலாமேண்ணே."

"வச்சிக்கலாம்பா. மொதல்ல டிராக்டர்ல ஏறு."

நாலாவது ட்ரிப்புல எல்லாரும் வந்துட்டாங்க. மச்சான் கடைசி. அப்ப தண்ணி டிராக்டர் இஞ்சினத் தொட்டுக்கினு இருந்துச்சாம். ஸ்கூல்ல மச்சான் எங்க பக்கமே வரல. மூலையில நின்னுக்கினு ஊடு ஊடா ஆளுங்கள எண்ணிக்கினு இருந்தாரு, ரெண்டு வாட்டி.

ஸ்நேகாதான் கொயந்தையோட எழுந்து போனா. "மாமா, கொஞ்சம் புடி. கை வலிக்குது."

"ஈரமா கீறேம்மா."

"அவளும் ஈரமாத்தான் கீறா."

மச்சான் கைய நீட்டுனாரு.