தகரத்தில் கெட்டிமேளம்

என் கணவருக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். கலியாணமான முதல் கிழமையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். வானொலியில் பாட்டுப் போனால் மனுஷர் தொடையில் தட்டுவார். பாட்டு ஒரு பக்கம் போகும், தட்டு இன்னொரு பக்கம் போகும். பிறந்த வீட்டிலும் இதே கதைதான். அம்மா நன்றாகப் பாடுவார், அப்பாவுக்குத் தாளம் மருந்துக்கும் வராது. அதனால் பழகிய துன்பம்தானே என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில், லிட்கம் ரயில் பாதையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் என் தங்கைக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. எனக்கோ வயிற்றில் ஏழு மாதம். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே ஒரு யோசனை வந்தது. ஆள் போக முடியாவிட்டால் குரலாவது போகட்டும். வாழ்த்துப் பாட்டு ஒன்றை நானே கட்டி, கசெட்டில் பாடி அனுப்புவேன். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது தம்பி அதை ஒலிபெருக்கியில் போடுவான். ஞாயிறு காலையில் கொழும்புக்குப் புறப்படும் ஒருவர் அதைக் கையோடு கொண்டுபோகவும் சம்மதித்தார்.

"வெறும் குரல் காணாது," என்றார் என் கணவர். "கலியாண வீட்டுக்குப் போற பாட்டு. மேளம் வேணும்."

"மேளத்துக்கு எங்கை போறது?"

"நீர் பாடும். மேளத்தை நான் பாக்கிறன்."

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

ஆனால் ஒன்று, செய்முறையைச் சரியாக யோசித்து வைத்திருந்தார். வானொலிப் பெட்டி திருத்துவதுதானே இவருடைய தொழில். பக்கத்து வீட்டு உக்ரேனியப் பெண்மணியிடம் இன்னொரு ரெக்கோடரை இரவல் வாங்கி வந்தார். முதல் ரெக்கோடரில் என் பாட்டை மட்டும் பதிவது. பிறகு அதைச் சத்தமாக ஓடவிட்டு, கூடவே இவர் மேளம் அடிப்பது. இரண்டாவது ரெக்கோடர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மேளம் என்பது ஒரு பெரிய பிஸ்கட் தகரம். கோல்கள் என் இரண்டு அகப்பைகள். கலகலவென்று ஒரு சத்தமும் வேண்டுமென்று பால்மா டின்னுக்குள் ஒரு பிடி பயறு போட்டு என் கையில் தந்தார்.

முதல் சோதனையைக் கேட்டபோது தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது. நடுவில் நான் எங்கோ கிணற்றுக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தேன். தகரத்துக்குக் குளித்துத் துடைக்கும் துவாயைச் சுற்றினார். அடுப்பிருந்த குசினியிலிருந்து வீட்டுக்குள்ளிருந்த நடைபாதைக்குப் போனார், அங்கிருந்து குளியலறை வாசலுக்குப் போனார். அவர் தள்ளிப் போகப் போக என் குரல் மேலே வந்தது. சத்தம் அடங்கியதே தவிர, தாளம் அதன் பாட்டுக்கு ஓடியது.

"தகரம் சரியில்லை," என்றார்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

கோபிக்கவில்லை. சிரித்தார். பிழை என்னிடமும் இருந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் நான் இழுத்து நிற்பேன், அந்த இடத்தில் யாரால்தான் கூட வர முடியும்? கடைசியில் இவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். என் கை விழும்போது அகப்பை விழ வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு மாலை பழகியதில் ஓரளவுக்குச் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாலையும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை, ரயில் போகாத இடைவெளி பார்த்துப் பாடத் தொடங்கினேன். கடைசி அடிக்கு வரும்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. 'அக்கா வரவில்லை என்றே ஆர் சொன்னார், வந்துநின்றேன்' என்று முடித்திருந்தேன். எழுதும்போது வராத அழுகை பாடும்போது வந்தது. 'வந்துநின்றேன்' என்ற இடத்தில் குரல் உடைந்து ஒரு விம்மல். மறுபடி பாடினேன். மறுபடியும் அதே இடம். ஐந்து முறை பாடினேன், ஐந்து முறையும் விம்மினேன்.

தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் அடிப்பதே, யாராவது அழுதாலும் தும்மினாலும் அது காதில் விழாமல் இருக்கத்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு என் அழுகையைக் கசெட்டில் அடைத்து அனுப்புவதா? கலியாணத்தில் எனக்கிருந்த ஒரே பங்கும் கைவிட்டுப் போகிறதே என்று மனம் கசந்துபோனது.

"வேண்டாம், விடுங்கோ. அனுப்பேலாது," என்றேன்.

இவர் தகரத்தில் சுற்றியிருந்த துவாயை உரித்துப் போட்டார்.

"ஐஞ்சாவதாப் பாடினதுதான் நல்லது. அதைப் போடும்."

"அதிலையும் அழுதிருக்கிறனே!"

"போடும் எண்டுறன்."

பாட்டு ஓடியது. என் கையைப் பார்த்து அடித்தார். கடைசி அடி தொடங்கியதும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நடைபாதையிலிருந்து குசினிக்குள் வந்து, ரெக்கோடருக்குப் பக்கத்தில் குந்தினார். என் குரல் உடையப்போகும் நேரம் பார்த்து, இரண்டு அகப்பைகளாலும் தடதடவென்று கெட்டிமேளம்! கெட்டிமேளத்துக்குத் தாளம் தேவையில்லை, வேகம் போதும். நானும் பயற்று டின்னை எடுத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். போட்டுக் கேட்டோம். விம்மல் இருந்த இடமே தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்தது.

மறுநாள் கசெட் புறப்பட்டது.

மூன்று மாதம் கழித்து அதே கசெட் தபாலில் திரும்பி வந்தது. மறுபக்கத்தில் வீட்டார் பதில் பேசியிருந்தார்கள். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து கிழமை. அவளை மடியில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்து கேட்டோம். அம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, உன்ரை பாட்டுப் பந்தலெல்லாம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் மேளக்காரன் ஆர் எண்டு கேட்டவை."

இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இனி இந்த மனுஷரைப் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். அம்மா தங்கையின் புது வீட்டைப் பற்றிச் சொன்னார், முற்றத்து மாமரம் காய்த்ததைச் சொன்னார்.

"பேத்தி பிறந்த தந்தி வந்தது. ஆரைப் போல இருக்கிறாள்? அவளைத் தூக்கிப் பாக்க எனக்கு எப்ப..."

அந்த இடத்தில், சம்பந்தமே இல்லாமல், ஒரு தகரத்தில் தடதடவென்று கெட்டிமேளம்.

இவர் என்னைப் பார்த்தார். தகரத்தில் ஒரு மோதிரம் பட்டுப் பட்டுத் தெறிக்கும் சத்தமும் கேட்டது. அது அப்பாவின் மோதிரம். தாளம் என்று ஒன்றும் இல்லை. எங்களுடையதைவிட நெடுநேரம் அடித்தார். அது ஓய்ந்த பிறகு அம்மா தெளிந்த குரலில், "சரி பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு," என்றார்.