உஷாராணியின் காது

கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய ஒரு பின்சந்தில் கார்த்திகேசுவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பழைய ஜீப்புக்கு அவனை விட்டால் ஆள் இல்லை என்று பூச்சோங்கிலிருந்தும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஓடாத வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டும் வருவார்கள். அந்தப் பெயரில் பாதி அவன் மனைவி உஷாராணிக்குச் சேர வேண்டியது. பாதி என்று சொல்வதுகூட அவன் மனம் நோகக் கூடாதே என்றுதான். இந்த விஷயம் தெரிந்தவர்கள் வெகுகாலம்வரை உலகத்தில் மூன்று பேர்தான்: அவன், அவள், நான்.

உஷாராணி கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வேலை செய்தார்கள். பதினெட்டு வயதில் இவள் ஃபேக்டரி பஸ் ஏறிவிட்டாள். ஷா ஆலமில் ஸ்பீக்கர் செய்யும் தொழிற்சாலை ஒன்று. அங்கே இவளுக்குக் கிடைத்தது சோதனை வரிசை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எதிரே வரும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் காதால் கேட்க வேண்டும். கரகரப்போ இரைச்சலோ இருந்தால் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்ட வேண்டும். அது ரிஜெக்ட். ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு, எண்ணூறு ஸ்பீக்கர். பதினாறு வருடம் இதே வேலை. மெஷின் நல்லது என்று விட்ட ஒன்றை ஒருநாள் இவள் ரிஜெக்ட் செய்ததால், மேனேஜரே வந்து அதைப் பிரித்துப் பார்த்தாராம். உள்ளே ஒரு தலைமுடி கிடந்ததாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும். மற்றபடி, கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

அந்த வரிசையைத் தூக்கி வியட்நாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு உஷாராணி வீட்டுக்கு வந்தாள். அதற்குள் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. தனியாக வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பானேன் என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஃபோன் எடுப்பாள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குச் சொல்லி அனுப்புவாள். ஸ்பேனரைத் தொட்டதே இல்லை.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலை பிரேக்குக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோக ரப்பர் குழாய்கள் உண்டு. வேக்குவம் ஹோஸ் என்பார்கள். என் ஜீப்பில் பதினான்கு. அதில் ஒன்றில் மயிரிழை விரிசல் விட்டாலும் போதும், வேண்டாத காற்று உள்ளே புகுந்து, இஞ்சின் தானாக ஏறும், இறங்கும், ட்ராஃபிக் லைட்டில் செத்துப்போகும். பார்ப்பதற்குக் குற்றம் கார்புரேட்டருடையது போலவே இருக்கும். எங்கள் ஊரில் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்போம். பாதி ஃபோர்மேன்கள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, இனி ஒன்றும் வராது என்று விபூதி கொடுக்காத குறையாக நம்மை அனுப்பி வைப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்போம்.

அந்த விரிசலுக்கு ஒரு சத்தம் உண்டு. இஞ்சின் இரைச்சலுக்குள் மெல்லியதாக ஒரு சீறல். நமக்குக் கேட்காது. உஷாராணிக்கு மேசையில் உட்கார்ந்த இடத்திலேயே கேட்கும்.

கேட்கிறது என்று சொல்லிவிட முடியுமா? கார்த்திகேசு தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது. குற்றம் பிடிபடாத வண்டி என்றால், சூடாகட்டும் என்று இஞ்சினை ஓடவிட்டுவிட்டு, கஸ்டமரையும் அழைத்துக்கொண்டு முனையிலிருக்கும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்கு டீ குடிக்கப் போவான். அவன் தலை மறைந்ததும் உஷாராணி எழுந்து போய் பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். பிறகு ஒரு குழாயின்மேல் சிவப்புப் புள்ளியை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். திரும்பி வருகிறவன் புள்ளியை உரித்து விரலில் உருட்டி எறிந்துவிட்டு அந்தக் குழாயை மாற்றுவான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு ஒருநாள் பாதி வழியில் திரும்பியதால் இது என் கண்ணில் பட்டது. கையும் ஸ்டிக்கருமாக நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க பாத்தத அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே," என்றாள். நான் சொல்லவில்லை. நான்கு வருடம் காப்பாற்றினேன். ஒரு வீட்டின் ரகசியம் நம்மிடம் இருக்கிறது என்பதில் ஒரு சுகம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

போன வருடம் என் ஜீப்புக்கு அதே வியாதி வந்தது. கார்த்திகேசு இரண்டு முறை கார்புரேட்டரைக் கழுவினான். மூன்றாம் முறை, இது முடிந்தது, இனி உயிர் வராது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வரவழைத்தான். மறுநாள் கேரி தீவில் கோயில் திருவிழா. மச்சான் குடும்பத்தை ஜீப்பில் அழைத்துப்போவதாக நான் வாய்ச்சவடால் விட்டிருந்தேன். அதனால் ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டீ குடிக்கலாமா என்று அவன் கேட்டான். வேலையை முடி, அப்புறம் பார்க்கலாம் என்றேன். வேறு இரண்டு கஸ்டமர்களும் காத்திருந்தார்கள். யாரும் நகரவில்லை.

உஷாராணி மேசையிலிருந்து எழுவதும் உட்காருவதுமாக இருந்தாள். என் கண்ணில் படத்தான் செய்தது. நான் எழுந்து அவனை டீ குடிக்க இழுத்துப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் பழைய கார்புரேட்டரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. வந்து, பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயின்மேல், அது ஒரு இரும்புப் பட்டைக்கு அடியில் நுழையும் இடத்தில், புள்ளியை ஒட்டினாள்.

"என்னங்க, இங்கதான் காத்து இழுக்குது," என்றாள், மெதுவாகத்தான்.

கார்த்திகேசுவின் முகம் கறுத்துவிட்டது. மூன்று வாரமாக கார்புரேட்டர் என்று சொன்னவன், கையில் மாற்றுவதற்கு வேறொன்று இருக்கிறது, எதிரே மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ரிஜெக்ட் ஒட்டறதுக்கு இது ஸ்பீக்கர் இல்ல லா. அவ்ளோ ஆசையா இருந்தா ஒன் மேலயே ஒண்ணு ஒட்டிக்க."

பிள்ளை இல்லாத பெண்ணிடம் சொன்னான் இதை. மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்? அவன் கோபித்துக்கொண்டு வேலையைப் போட்டுவிடக் கூடாதே என்ற பயம் ஒரு காரணம். மச்சானுக்குக் கொடுத்த வாக்கு ஒரு காரணம். இந்தக் காரணங்களையெல்லாம் பிற்பாடுதான் தேடிக்கொண்டேன். அந்த நேரத்தில் சிரிப்புதான் வந்தது. அவள் சொன்னது சரி என்று அங்கே காத்திருந்தவர்களில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உஷாராணி புள்ளியை உரித்தாள். மேசைக்குப் போனாள். ஃபோன் அடித்தது. எடுத்து, வழக்கமான குரலில் யாருக்கோ பதில் சொன்னாள். அன்று மாலை கடை சாத்தும்வரை இருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த மாதம் தெங்கு கிளானா சாலையில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

மாற்றிய கார்புரேட்டரோடு நான் கேரி தீவுப் பாலம் வரைதான் போனேன். வண்டி மூன்று முறை நின்றது. பிரேக் பெடல் மிதிக்க முடியாதபடி கல்லாக இறுகிவிட்டது. பிள்ளைகளைப் பின்னால் வந்த மச்சானின் காருக்கு மாற்றிவிட்டு ஊர்ந்துகொண்டு திரும்பினேன். அந்தத் தடித்த குழாயைக் கார்த்திகேசு இம்முறை கழற்றி வளைத்துப் பார்த்தான். பட்டைக்கு அடியில், நகம் அளவுக்கு ஒரு விரிசல். சூடேறினால் மட்டும் வாய் திறக்கிற விரிசல். "அவ சொன்ன எடம்ணே," என்று சொல்லிவிட்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லையாம். சமைக்கிறாள், சேர்ந்து சாப்பிடுகிறாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட வருகிறாள். இன்றைக்கு ஒரு வண்டி வந்தது என்று இவன் ஆரம்பித்தால் மட்டும் துணி மடிக்க எழுந்து போய்விடுகிறாளாம். இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அதன்பிறகு குற்றம் பிடிபடாத வண்டிகள் ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் கிடந்தன. சில வேறு இடம் தேடிப் போயின.

நான் விடவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று அவனுக்குப் பாடம் நடத்தினேன். எல்லார் முன்னாலும் பேசினாயே, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள் என்றேன். போகிறபோதெல்லாம் சொன்னேன். நாட்டாமை வேலை எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வந்துவிட்டான். அன்று என் ஜீப்தான் மறுபடி நின்றுகொண்டிருந்தது, இஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டு. இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். கார்த்திகேசு கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அன்னைக்கி நீ சொன்னதுதான் சரி, ராணி. நான் பேசினது தப்பு. எல்லாரும் இருக்கும்போது பேசினேன், அதனால எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்."

உஷாராணி தலையசைத்தாள். "சரிங்க," என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் நடத்தி வைத்த கல்யாணம் போல நின்றுகொண்டிருந்தேன். கார்த்திகேசு கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க இழுக்குதுன்னு கேட்டுச் சொல்லேன்," என்றான்.

அவள் பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் அறுபத்தாறு வயதுக் காதுக்கே அந்தச் சீறல் கேட்டது. அவள் தலையைச் சாய்த்தாள். கண் இடப்பக்கம், கார்புரேட்டருக்குக் கீழே ஓரிடத்துக்குப் போய் ஒரு நொடி நின்றது. பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலங்க."

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, சந்து முனையில் பிடித்தேன். அவன்தான் இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டானே, இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருந்தால் எப்படி என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு அப்படித்தாண்ணே. வீட்டுல இதவிட மோசமா பேசியிருக்காரு. கோவம் தணிஞ்சா வந்து ஒக்காந்துக்குவாரு. அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும். நான் ஒட்டறத நீங்க பாத்திருக்கீங்க. நீங்க ஏண்ணே சிரிச்சீங்க?"

ஏழெட்டு மாதமாக நான் இன்னொருவனுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நானும் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒருநாளாவது தோன்றியதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிரும்மா," என்றேன். "பரவால்லண்ணே," என்றாள். பத்துச் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடம் சொல்கிற 'பரவால்ல' அது. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது கார்த்திகேசு குறடால் ஒவ்வொரு குழாயாக நசுக்கி, சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தான். அவள் கண் போய் நின்ற இடம் எனக்குத் தெரியும். விரலை நீட்டிக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் சொல்ல மறுத்ததை அவளிடமிருந்து திருடிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இடப்பக்கம் வந்து சேர சாயங்காலம் ஆகிவிட்டது, அதுவரை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.