டீ போட்ட சனிக்கிழமைகள்

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். முதல் உலகப் போர்க் காலத்துப் போர்க்கப்பல் ஒன்று அங்கே பழுதுபார்க்க நிற்கிறது. பேர்லேண்டில் எங்கள் வீட்டு வாசலில் கார் ஏறும்போதே அவளுக்கு இஷ்டமில்லை. கப்பலை நெருங்கியதும் பழைய எண்ணெயும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாசனை வந்தது. நான் பாட்டுக்குக் கடற்சண்டை பற்றி அளந்துகொண்டே போக, “வாட்ஸ் கிராஸிங் த டீ, அப்பா?” என்று கேட்டாள். “டீ போடுறது” என்று வாயில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். எதிரியின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நம் வரிசை அவர்களுக்கு முன்னால் குறுக்கே போகிறது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து டீ. நம் பீரங்கிகள் எல்லாம் சுடலாம், அவர்களுடையதில் முன்னால் இருப்பவை மட்டும்தான் சுட முடியும். டிரெட்நாட் என்ற ராட்சதக் கப்பல்கள் ஓடிய காலத்தில் எல்லா அட்மிரல்களின் கனவும் இதுதான். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் நானும் என் நண்பன் பாஸ்கரும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தபோது எங்கள் கனவும் இதுதான். வாரம் முழுக்க சிப் டெஸ்ட் பண்ணும் இரண்டு எஞ்சினியர்கள், சனிக்கிழமை ஆனால் கார்ப்பெட்டில் நீலப் போர்வை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவோம். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டையில் வெட்டிய கப்பல்கள். தூரம் அளக்க ஒரு தையல் டேப்.

நான் பிரிட்டிஷ், அவன் ஜெர்மன். எனக்குக் கப்பலும் அதிகம், பீரங்கியும் பெரிது. அவன் கப்பல்களுக்குக் கவசம் தடிமன், எத்தனை குண்டு பட்டாலும் லேசில் மூழ்காது. என்னுடைய வேகக் கப்பல்களோ, வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்தவை, படாத இடத்தில் ஒன்று பட்டால் வெடித்துவிடும். இருந்தாலும் டீ போடுவது எப்போதும் நான்தான். போட்டதும் அவன் புகையைக் கிளப்பிவிட்டு எல்லாக் கப்பல்களையும் ஒரே சமயத்தில் திருப்பிக்கொண்டு ஓடுவான். நான் புத்திகெட்டுத் துரத்துவேன். அவனுடைய சின்னக் கப்பல்கள் தண்ணீருக்கடியில் டார்பிடோ விடும். அத்தோடு என் கதை முடிந்தது. தோற்றாலும் அந்த நாள்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பாஸ்கருக்குக் கல்யாணம் ஆகி, திருச்சியிலிருந்து சுதா வந்தாள். நான் அதே காம்ப்ளெக்ஸில் வேறு வீட்டுக்கு மாறினேன், சனிக்கிழமையை மட்டும் விடவில்லை. முதல் சனிக்கிழமையே, “டீ போட்டுட்டான்டா பாவி” என்று பாஸ்கர் கத்தினான். உள்ளேயிருந்து சுதா பதறிக்கொண்டு வந்தாள்.

“ஐயோ, நீங்க எதுக்குண்ணா போட்டீங்க? சொன்னா நான் போட மாட்டேனா?”

பாஸ்கர் சிரித்து உருண்டான். அவள் நிஜமாகவே டீ போட்டுக் கொண்டுவந்து தட்டை, போர்வைக் கடலின் நடுவில் வைத்தாள். என் முதல் வரிசை அதற்கடியில் நசுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். பிறகு ஒருநாள் பாஸ்கர், “இன்னிக்கு சுதா ஆடட்டும்டா” என்றான். என் கப்பல்கள் அவள் கைக்குப் போயின, டேப் என் கைக்கு வந்தது. அவளும் டீ போட்டாள். அவன் திரும்பி ஓடினான். அவள் துரத்தவில்லை.

“எதுக்குத் துரத்தணும்? எப்படியும் அவர் வீட்டுக்குத்தானே போகணும்? அந்த வழியில போய் நின்னுக்கறேன்.”

முதல் உலகப் போரில் நிஜ பிரிட்டிஷ் அட்மிரலும் அப்படித்தான் செய்தார். படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. பாஸ்கர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் எத்தனை டீ போட்டும் அப்படி ஒரு பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. பொறாமைதான், வேறென்ன. என் இடம், என் கப்பல்கள், என் சனிக்கிழமை. இங்கே டெக்சாஸில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். வீடு விலை குறைவு என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அவர்கள் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார்கள். கால்வெஸ்டனிலிருந்து திரும்பியதும் போன் போட்டேன், சுதா எடுத்தாள். மகள் பார்த்த பார்வையைச் சொன்னதும் சிரித்தாள். சும்மா கேட்பதுபோல, இப்பவும் ஆடுகிறீர்களா என்று கேட்டேன்.

“நீங்க போனப்புறம் ஒரு தடவகூட ஆடலண்ணா. எனக்கு அந்தக் கப்பல்லாம் பிடிக்கவே பிடிக்காது. சனிக்கிழமை ஆனா அவர் உங்க பக்கத்துலயே கிடப்பாரு. எனக்கு வயிறு எரியும். வேற வழி தெரியாமத்தான் கத்துக்கிட்டேன்.”

எத்தனை சனிக்கிழமைகள், அங்கே போர்வை விரித்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து வெந்திருக்கிறேன். கப்பல்கள் இருக்கின்றனவா என்றேன். வீடு மாறும்போது ரீசைக்கிளில் போய்விட்டனவாம். பாஸ்கர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“அவர்தான் தூக்கிப் போட்டாரு. ‘அவன் இல்லாம இது எதுக்கு’ன்னாரு,” என்றாள் சுதா. “அன்னிக்கும் எனக்கு வயிறு எரிஞ்சுதுண்ணா.”