தள்ளிவிட வந்தவர்

கத்திவாக்கத்து உப்புக்காற்றில் என் பழைய காரின் பேட்டரி முனைகள் அரித்து வெள்ளையாகப் பூத்துப்போகும். நினைத்தால் ஸ்டார்ட் ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. ஆகாத நாட்களில் எதிர்வீட்டு மீனவர் சேகர்தான் தள்ளிவிடுவார்.

ஒருநாள் காலை அவர் ஓடி வந்தார். "செல்வி மாரு வலிக்குதுன்னு துடிச்சிகினு கீதுண்ணா. வண்டிய எடு."

செல்வி அவர் மனைவி, கூடையில் மீன் விற்பவர். அன்று மாலை என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை அழைத்துவர, புது சீட் கவர் போட்டிருந்தேன். மீன் வாடை ஏறிவிடுமே என்று நினைத்தேன்.

"ஸ்டார்ட் ஆவலப்பா" என்றேன். சாவியைத் தொடக்கூட இல்லை.

"நான் தள்றேண்ணா."

"தள்ளியும் பாத்தாச்சு."

நம்பி, ஆட்டோ பிடிக்கப் போனார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ சிக்கி நின்றபோதே செல்வியின் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் சேகர் வெந்நீரோடு வந்தார். பேட்டரி முனைகளில் ஊற்றி, பொறுமையாகத் தேய்த்தார்.

"இன்னொருத்தருக்கு இந்த மாரி ஆவக்கூடாதுண்ணா. இப்போ போடு."

ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. "பாத்தியா" என்று சிரிக்க முயன்றார்.

இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் சாவியைத் திருப்பும்போது, இன்றாவது ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.