இரண்டு விரல் வெளியே

வண்டி நின்றதும் உத்திராபதி டீக்கடைப் பக்கம் திரும்ப மாட்டார். பின்சக்கரத்தின் அருகே குந்தி, நடுவிலிருக்கும் ஹப்பில் புறங்கையை வைப்பார். உள்ளங்கை ஆகாது. “உள்ளங்கை வெந்துட்டா ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது?” என்பார். வண்டியின் நான்கு சக்கரங்களையும், பின்னால் இழுத்து வரும் டிரெய்லரின் இரண்டையும் தொட்டு முடித்த பிறகுதான் டீ. சூடு இருக்கலாம், கை பொறுக்க வேண்டும். அதுதான் அவர் சட்டம்.

கடலூர் முதுநகரில் பழுது பார்த்த ஃபைபர் படகுகளை, பிக்கப் வண்டியில் பூட்டிய டிரெய்லரில் ஏற்றி, சிதம்பரம் வழியாகக் கிள்ளைக்கு இழுத்துப் போவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. படகு ஏறியதும், வண்டியில் பூட்டுவதற்கு முன், டிரெய்லரின் மூக்கை, அந்த முன்கம்பியை, இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். முழங்கால் வரை வந்தால் சரி. அதற்கு மேலும் சுலபமாக வந்தால், “வாலு கனம், ரோட்டுல கூத்தாடும்.” அசையவே மறுத்தால், “எல்லாம் என் பின் ஆக்சில் தலையில.” படகை அரையடி முன்னே பின்னே தள்ளாமல் கிளம்ப மாட்டார். “கோழி வாங்க வந்தவரு மாதிரி தூக்கித் தூக்கிப் பாக்குறாரு பாரு” என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இன்னொரு தரம் தூக்குவார்.

வண்டி அவருடையதல்ல, மனைவி இளவரசியின் தம்பி ஸ்ரீதருடையது. தை மாதம் ஸ்ரீதர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போய், கம்பெனி வீல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கறுப்பு அலாய் வீல்களை மாட்டிவந்தான். டயர்கள் முன்பிருந்த இடத்தைவிட இரண்டு விரல் வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

“கால அகட்டி நின்னாதான மாமா மல்லுக்கு நிக்க முடியும்? இழுவைக்குத் தூண் மாதிரி நிக்கும்னு கடையில சொன்னாங்க.”

“இடுப்பும் சேந்து அகலமானா சரி மச்சான். நீ பாதத்த மட்டும் வெளிய இழுத்து வச்சிருக்க. கனம் ஏறல, கனத்த தாங்குற எடம் தள்ளிப் போயிடுச்சு. நெறகொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு ஒரு மைல் நடக்கலாம். கைய நீட்டிப் புடிச்சா பத்தடி தாண்டுமா? பேரிங்குக்கும் அதே பாடுதான். அதுல டிரெய்லரு மூக்கு வேற மேல குந்துது.”

“உங்களுக்கு எது புதுசா வந்தாலும் புடிக்காது மாமா.”

இரண்டே மாதத்தில் பின்பக்கப் பேரிங் இரண்டு போயின. ஒன்று ஆலப்பாக்கத்தில் நடுரோட்டிலேயே இறுகிக்கொண்டது. அந்த வாரம் நடந்த காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்து, உறவுக்காரர் அத்தனை பேர் காதிலும் விழும்படி ஸ்ரீதர் சொன்னான்: “மாமாவுக்கு முன்ன மாதிரி கை இல்ல. பள்ளம் பாக்காம உட்டுடறாரு.”

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கையில் ஒரு பேரிங் வழியில் சிக்கியதில்லை. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சக்கரம் பளபளப்பாக இருந்தது, தப்பித்துக்கொண்டது. ஆளுக்குச் சட்டைக் காலர் நைந்திருந்தது, மாட்டிக்கொண்டார். பாயசத்தை உறிஞ்சியபடியே நாலு பேர் தலையாட்டினார்கள்.

அன்று மாலை இளவரசி டம்ளர் விளிம்பு தளும்பத் தளும்பக் காபி கொண்டுவந்து நீட்டினாள். அப்படி நிரப்பித் தருவது அவள் வழக்கமில்லை. அவள் பார்வை காபியில் இல்லை, அவர் விரல்களில் இருந்தது. உத்திராபதிக்குப் புரிந்தது. ஒரு சொட்டுச் சிந்தாமல் வாசல் வரை எடுத்துப் போனார். குடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டார்.

சென்ற வாரம், “நானே கூட வந்து பாக்குறேன்” என்று ஸ்ரீதரும் வண்டியில் ஏறினான். புதுச்சத்திரத்தில் நிறுத்தி வலது பின் ஹப்பில் வைத்த புறங்கை வெடுக்கென்று பின்வாங்கியது. உத்திராபதி பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார். சுர்ரென்றது.

“பங்குனி வெயிலு மாமா. எல்லாந்தான் சுடும்.”

“டிரெய்லர் சக்கரத்த தொட்டுப் பாரு. அதுவும் இதே வெயில்லதான் வருது.”

ஸ்ரீதர் தொடவில்லை. செல்போனைப் பார்த்தான். “கிள்ளையில காத்துக்கிட்டு இருக்காங்க. மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடலாம். பயமா இருந்தா சொல்லுங்க, நான் ஓட்டுறேன்.”

பள்ளி விட்டிருந்தது. சீருடைப் பிள்ளைகள் மும்மூன்று பேராகச் சைக்கிளில், சாலையின் ஓரத்தை அடைத்துக்கொண்டு போனார்கள்.

“வெள்ளாத்துப் பாலத்துல சக்கரம் கழண்டா படகு ஆத்துக்குப் போவும். போனா போவட்டும். பக்கத்துல சைக்கிள்ல வர்ற புள்ளைவோ எங்க போவும்? அப்பவும் மாமாவுக்குக் கை தளந்துடுச்சுன்னுதான் பந்தியில சொல்லுவ.”

ஸ்ரீதர் கையை நீட்டினான். “சாவியக் குடுங்க.”

“வண்டி உன்னுது. வச்சிக்க.”

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு உத்திராபதி பின்னால் போனார். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார். மூக்குக்கு அடியில் இன்னொரு கல்லை நகர்த்தி முட்டுக் கொடுத்தார். பிறகு வண்டியையும் டிரெய்லரையும் பிணைத்திருந்த இரும்புப் பின்னை உருவி, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரெய்லரின் மூக்கின் மேலேயே ஏறிக் குந்தினார்.