இறந்தவரின் சம்மதம்

என் கணவர் வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் பட்டறையில் பெயின்டர். வேலையில் இருக்கும்போதே இறந்தார். அந்த வேலையை மகளுக்குத் தருவதாகச் சொன்னார்கள். பூஜை விடுமுறைக்குள் இறப்புச் சான்றிதழ்க் காகிதம் வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள்.

காகிதம் இருந்தது. அதுதான் தொல்லை.

எரித்த இடத்திலேயே இறப்பைப் பதிந்தார்கள். கவுண்டரில் இருந்தவன் டைட்டில் கேட்டான். குடும்பப் பெயரை இங்கே டைட்டில் என்பார்கள். எங்களுக்கு அது கிடையாது என்றேன்.

"டைட்டில் இல்லாத மனுஷனா? எங்க தெரு நாய்க்கே இருக்கு, மாஷிமா. கட்டம் காலியா இருந்தா மெஷின் வாங்காது."

மாமனார் பெயரைச் சொன்னேன். வேறு எதைச் சொல்வது? எங்களில் ஒருவர் பெயரோடு வருவது அப்பன் பெயர்தான். மகள் பெயரோடு என் கணவர் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரோடும் அவர் பெயர்.

பட்டறை கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஒரு டைட்டில், மகளுக்கு வேறு டைட்டில். இவள் அவர் மகள் இல்லை என்று காட்டியது.

வார்டு ஆபீசுக்குப் போனோம். மகள்தான் பேசினாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். முன்பெல்லாம் தப்பு என்றால் சிவப்பு மையில் அடித்து முத்திரை குத்துவார்கள். இப்போது பிளாக்செயின் என்றார் அதிகாரி. ஒவ்வொரு பதிவையும் முந்தையதோடு சங்கிலியாகக் கோத்திருக்கிறார்களாம். திருட முடியாது, அழிக்க முடியாது. பெருமையாகச் சொன்னார்.

"பக்கத்துல திருத்தம் ஏத்தலாம். பதிவுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்கணும். அவர் போனுக்கு ஓடிபி போகும். அடுத்தவங்க விவரத்துல யாரும் கை வைக்கக் கூடாதில்ல?"

"அவர்தான் செத்துட்டாரே," என்றாள் மகள்.

"அதுவும் பதிவுல இருக்கு."

"அப்ப யார் சம்மதிக்கிறது?"

"வாரிசு சம்மதிக்கலாம். டைட்டில் ஒண்ணா இருக்கணும்."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் நம்பருக்கு நான் ரீசார்ஜ் போடவில்லை. யாருக்காகப் போடுவது? அது வேறு யாருக்கோ போய்விட்டது. மகள் அந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஓர் ஆள் எடுத்தான். இங்கத்து வழக்கப்படி சித்தப்பா முறை வைத்துப் பேசினாள்.

"காக்கு, இது எங்க அப்பாவோட பழைய நம்பர். இப்ப ஒரு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லுங்க."

"அப்பா பேரைச் சொல்லி ஏமாத்துறியா? வெக்கமா இல்ல?"

"சத்தியமா, காக்கு. அப்பா இறந்துட்டார்."

"போன தடவை ஒருத்தி அம்மா ஆஸ்பத்திரியிலன்னா. இப்ப நீ அப்பாவைக் கொன்னுட்டியா? போலீஸ்ல சொல்லிடுவேன்."

வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று மகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

கோர்ட்டில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தபோது பூஜை முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. இருந்தாலும் திருத்தத்தை ஏற்றினார்கள். சங்கிலியில் இப்போது தப்பும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது.

"இனி இதை யாரும் திருட முடியாது," என்று அதிகாரி புதுச் சான்றிதழை நீட்டினார்.

யார் திருடப் போகிறார்கள்? மகள் வாங்கி மடித்துப் பையில் போட்டாள். மறுநாள் விடியும் முன் நியூ டவுன் பஸ் பிடித்தாள். அங்கே ஓர் ஆபீசில் தரை துடைக்கிறாள்.